புங்க மரம் ஏன் குடக்காரியை மறைக்கிறது

போன வாரம் முனிசிபல் ஆபீசிலிருந்து ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தார். பூங்காவுக்குப் புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர். மரியாதையான பிள்ளை. ஏரிக்கரைப் பூங்காவில் குடத்தோடு நிற்கிற பெண்ணின் சிலையை, ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்க முடியாதபடி ஒரு பெரிய புங்க மரம் மறைக்கிறதாம். அதை வெட்ட உத்தரவு கேட்டு மேலே எழுதப் போகிறாராம். "சிலைக்கு முதுகுப் பக்கமாக் கொண்டுபோய் மரத்த நட்டவன் சரியான மடையனா இருக்கோணுமுங்க" என்றார். நான் அவருடைய தம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றிவிட்டு, அந்த மடையன் நான்தான் என்றேன்.

பாவம், பிள்ளைக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, நட்டதற்குக் காரணம் இருந்தால் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், அதையும் சேர்த்து மேலே அனுப்புகிறேன் என்றார். எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்குகிற காரணமாக இல்லை. மேலே இருக்கிறவர்கள் பொறுமையாகப் படிக்கட்டும். அவர்கள் எழுதிய உத்தரவுகளை நான் எத்தனை வருஷம் பொறுமையாகப் படித்திருக்கிறேன்.

என் பெயர் அங்கமுத்து. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், மீசை அரும்பிய வயதில், அங்கே காரை கலக்கப் போனேன். சுண்ணாம்பு, செங்கல் பொடி, தண்ணீர் ஆகிய மூன்றையும் தவிர வேறு உலகம் தெரியாமல் சில வருஷம் கழிந்தது. அணை வேலை முடிந்ததும் எங்களை மாதிரி ஆட்கள் நாலா பக்கமும் சிதறிப் போனோம். நான் ஊருக்கே திரும்பி, பஞ்சாயத்து போர்டில் கொத்து மேஸ்திரியாகச் சேர்ந்தேன். சாக்கடைக்குக் கல் பாவுவது, பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பூசுவது என்று போய்க்கொண்டிருந்தது. ஞானமுத்து ஐயா ஓவர்சீயராக வந்து சேர்ந்த பிறகுதான் என் பிழைப்பு பூங்காவின் பக்கம் திரும்பியது.

ஞானமுத்து ஐயா தெற்கே கடலோர ஊர்க்காரர். குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். எங்கள் ஊருக்கு வந்த முதல் நாளே ஏரிக்கரையில் போய் நின்று, தண்ணீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம். ஏரி என்றால் ஏதோ சின்னக் குட்டையல்ல. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் எதிர்க்கரையில் நிற்கும் ஆள் எறும்பாகத் தெரிவான். இருந்தாலும் கடல் பார்த்த கண்ணுக்கு அது எம்மாத்திரம்? ஆனால் மனுஷர் அந்த ஏரியைக் கடலாகவே வைத்துக்கொண்டார். தம் ஊர்க் கடற்கரையில் ஜனங்கள் மாலையில் காற்று வாங்க நீளமான பாதை உண்டு, பேண்டு வாசிக்க மேடை உண்டு, விளக்குக் கம்பங்கள் உண்டு, பாதை முடிகிற இடத்தில் ஒரு சிலையும் உண்டு என்பார். அவை அத்தனையும் இந்த ஏரிக்கரையில் வந்தாக வேண்டும். போர்டு பிரெசிடெண்டைப் பிடித்துப் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்துவிட்டார்.

அவருடைய தோரணையைச் சொல்ல வேண்டும். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். அதை விரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. குடை அவருக்கு வேலையைச் சோதிக்கிற கருவி. பூசிய சுவரைக் குடையின் முனையால் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் கணீரென்று வந்தால் 'ம்' என்று ஒரு சொல். உள்ளே பொள்ளல் இருந்தால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். அப்போது 'ம்' வராது. குடை அந்த இடத்திலேயே நிற்கும். திட்டமாட்டார். குடை நிற்கிற இடத்தை நாமே உடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். திட்டு வாங்குவதே மேல் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

பாதை போட்டு முடித்த மறுவாரமே அவருக்கு முதல் அடி விழுந்தது. காற்று வாங்க யாரும் வரவில்லை. காடுமேட்டில் நாளெல்லாம் காற்றிலேயே கிடப்பவனுக்குத் தனியாகக் காற்று எதற்கு? வந்தவர்கள் நெசவுக்காரர்கள். நூல் பிடித்தாற்போல நேராக, கல் முள் இல்லாமல் அவ்வளவு நீளத்துக்கு ஒரு பாதை கிடைத்தால் விடுவார்களா? விடியற்காலையில் குடும்பம் குடும்பமாக வந்து, பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுத் தேய்த்துக் காய வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐயா பார்த்துவிட்டுக் குதித்தார். பாதையில் கஞ்சி சிந்துகிறது, விரட்டு என்றார். நான் விரட்டுகிற மாதிரி விரட்டினேன். அவர்களும் போகிற மாதிரி போனார்கள். மூன்றாம் நாள் அவரே வந்து, சிவப்பும் பச்சையுமாக நூல் அவ்வளவு தூரம் விறைப்பாக நிற்பதையும், பெண்களும் ஆண்களும் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே அதை நீவிக்கொண்டு நடப்பதையும் பார்த்தபடி நின்றார். பிறகு, வெயில் ஏறும் வரைக்கும் பாதை அவர்களுக்கு, அதற்குமேல் பொதுவுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முரடர் மாதிரி இருப்பார், அவ்வளவுதான்.

அடுத்தது சிலை. ஏரிக்குள் இறங்கப் பழைய கல்படிக்கட்டு ஒன்று இருந்தது. ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுக்கிற துறை. படிக்கட்டின் தலைமாட்டில், பாதையைத் தாண்டி, ஏரியைப் பார்த்தபடி இடுப்புயரத்துக்குப் பீடம் கட்டினேன். அதன்மேல், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். கல்லில் செய்யப் போர்டுக்கு வசதி இல்லை. சுதையில் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். ஆளையும் நான்தான் கூட்டி வந்தேன். ராசிபுரம் பக்கத்து மாரப்பன். கோயில் கோபுரங்களில் பொம்மை வேலை செய்கிறவர். மேட்டூரில் கொஞ்ச காலம் எனக்கு அடுத்த கொட்டகையில் இருந்தவர். அதிகம் பேசமாட்டார். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பசி தெரியாது. செங்கல்லையும் இரும்புக் கம்பியையும் வைத்து முதலில் ஓர் எலும்புக்கூடு. அதன்மேல் மணல் கலந்த காரையில் சதை. மேல்பூச்சுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு, அம்மியில் அரைப்பார். வெண்ணெய் பதத்துக்கு வந்ததை விரலில் தொட்டு, கட்டைவிரல் நகத்தில் தடவிப் பார்ப்பார். நகத்தின் மினுமினுப்பு பூச்சில் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி அம்மி. பூசிய இடத்தைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிடுவார். வெயிலும் காற்றும் பட்டால் வெடித்துவிடும் என்பதால் மூன்று பக்கமும் தென்னந்தட்டி. ஏரிப் பக்கம் மட்டும் வெளிச்சத்துக்காகத் திறப்பு. ஞானமுத்து ஐயா தினமும் தட்டிக்குள் நுழைவார், ஒரு முழம் தள்ளி நின்று குடையால் தட்டுவார், 'ம்' என்பார், போவார். ஒரு நாள்கூடக் குடை நின்றதில்லை.

மாரப்பனிடம் ஒரு பழக்கம். ஒவ்வொரு பூச்சு முடிந்ததும் சாரத்திலிருந்து இறங்கி, படிக்கட்டில் கடைசிப் படி வரைக்கும் போவார். கைகால் கழுவுவார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்று மேலே பார்ப்பார். திரும்பி வந்து, கழுத்திலோ தோளிலோ ஏதாவது திருத்துவார். கை கழுவப் போகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் கண். கோயிலில் கண் திறக்கும்போது எதிரே யாரும் நிற்கக் கூடாது என்பார்கள். இது சாமி இல்லையே என்று நான் கேட்டேன். இருந்தாலும் கண் கண்தானே என்று சொல்லி, பாதையில் யாரும் வராமல் என்னை நிறுத்திவிட்டு, சின்ன உளியால் இரண்டு கண்ணையும் திறந்தார். உடனே கிடுகிடுவென்று படியிறங்கி ஓடினார். ஐம்பதை நெருங்கிய மனுஷர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி ஏறி வரும்போது முகம் நிறைந்திருந்தது.

மறுநாள் தட்டியைப் பிரித்தோம். சாரத்தை எடுத்தோம். ஞானமுத்து ஐயா பாதையில் எட்டி நின்று முதல் தடவையாக முழு உருவத்தையும் பார்த்தார். தலை பெருத்துக் கிடக்கிறது. மேலுடம்பு முன்னால் சாய்ந்து, முகம் கவிழ்ந்து, பாதையில் நிற்கிறவன் தொப்புளைப் பார்க்கிறது. கால்கள் குட்டை. பிரெசிடெண்டு தம் ஆட்களோடு வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்தப் புள்ள தோட்டைத் தொலைச்சுப்போட்டுத் தேடறாளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. திறப்பு விழாவுக்குக் கலெக்டரை அழைத்தாகிவிட்டது. இதைக் காட்டி ஊர் மானத்தை வாங்க வேண்டாம், நாளைப் பொழுதுக்குள் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பிரெசிடெண்டு போய்விட்டார்.

ஐயா மாரப்பனைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உடைச்சிரும் வே" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். மாரப்பன் பக்கம் திரும்பவே இல்லை.

மாரப்பன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "உடைக்கோணும்னா நானே உடைச்சுடறேனுங்க. வேற ஆளு கை வெக்க வேண்டாமுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் அவருக்குச் சோறு போட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் கேட்காமலே அவராகச் சொன்ன ஒரே விஷயத்தை அப்போதுதான் சொன்னார். அவருக்கு ஒரே மகள். பேர் பாவாயி. கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம் விஷக் காய்ச்சல் வந்து போய்விட்டாள். கோபுர வேலைக்குப் போகிற இடமெல்லாம் அவள்தான் சோறு கொண்டு வருவாள். சாரத்துக்குக் கீழே நின்று, கழுத்தை அண்ணாந்து, அப்பா அப்பா என்று கூப்பிடுவாள். இவர் மேலேயிருந்து எட்டிப் பார்ப்பார். பல வருஷம் மகளின் முகத்தை அப்படி மேலே இருந்தே பார்த்தாயிற்று, ஒரு தடவை கீழே நின்று அவளைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன் என்றார். பெண்டாட்டி நல்லம்மாளுக்குக்கூடத் தெரியாதாம். முடிந்த பிறகு கூட்டிவந்து காட்டலாம் என்று இருந்தாராம். சொல்லாமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று என்றார்.

மறுநாள் உச்சி சாய்ந்த நேரம். சம்மட்டி தயாராக இருந்தது. ஐயாவும் வந்து, பீடத்துக்குப் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். உடைப்பதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிவிடுகிறேன் என்று மாரப்பன் கேட்டார். பழுதான கோயில் பொம்மையை எடுக்கும்போதும் அப்படித்தான் செய்வாராம். குடத்தோடு படியிறங்கிப் போனவர் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தால், கடைசிப் படியில் குடத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். தண்ணீர் எடுக்க வந்த இரண்டு மூன்று பெண்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். போய்க் கூட்டி வாரும் என்றார் ஐயா. நான் நகரவில்லை. அழுகிறவரை எழுப்பி, வந்து உடை என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் முகத்தைப் பார்த்தவர், பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தாமே இறங்கினார். பூங்கா வேலை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் அந்தப் படியில் கால் வைத்ததே இல்லை. கடற்கரையில் வளர்ந்தவருக்குப் பூங்கா என்றால் கரையோடு முடிந்தது. கடலுக்குள்ளிருந்து குடத்தோடு யார் ஏறி வரப்போகிறார்கள்?

கடைசிப் படிக்குப் போய், மாரப்பனின் தோளைத் தொடக் குனிந்தவர், அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அங்கமுத்து, இங்க இறங்கி வாரும்" என்று குரல் வந்தது. போனேன். திரும்பிப் பார்த்தேன்.

தலை பெரிதாக இல்லை. கால் குட்டையாக இல்லை. எல்லாம் அதனதன் அளவில் இருந்தது. படியேறப் போகிறவளுக்காகக் காத்து நிற்கிற மாதிரி, இடுப்பில் குடத்தோடு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஒரு பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில், சிரிக்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி ஒரு சுழிப்பு. மேலேயிருந்து பார்த்தபோது அது தெரியவே இல்லை. கோபுரத்துப் பொம்மையைத் தெருவில் நிற்கிறவனுக்காகத்தான் செய்வார்கள். மாரப்பனின் கைக்கு அது ஒன்றே பழக்கம். எவ்வளவு உயரத்தில் வைத்தாலும், தாழ இருக்கிற இடத்தைத் தேடிப் போய் நின்று, அங்கிருந்து பார்த்தே திருத்துவார். இங்கே தாழ இருந்த இடம் கடைசிப் படி. பாதையில் நடக்கிற ஆள் என்று ஒருவன் இருப்பான் என்பதே அவர் நினைப்பில் வரவில்லை. ஓவர்சீயர் நினைப்பில் படியேறுகிறவள் வராத மாதிரிதான்.

பிரெசிடெண்டை வரவழைத்தார்கள். சரிகை வேட்டி நனையும் என்று அவர் மேலேயே நின்று பேசினார். அப்போது குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி, கொஞ்சம் வாயாடி, சொன்னாள்: "அங்க நின்னு பாத்தா அப்புடித்தானுங்க இருக்கும். அவ பாக்கறது எங்களைத்தானுங்க."

பிரெசிடெண்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். கலெக்டரும் பாதையில் நின்றுதானே பார்ப்பார் என்று ஒருவர் இழுத்தார். ஞானமுத்து ஐயாவுக்கு அதுவரை இல்லாத குஷி பிறந்துவிட்டது. பள்ளிபாளையத்திலிருந்து பெரிய பரிசல் ஒன்றை வண்டியில் ஏற்றி வரச் சொன்னார். திறப்பு விழாவன்று கலெக்டரை எதிர்க்கரையில் பரிசலில் ஏற்றி, ஏரியைக் கடக்க வைத்து, நேரே கடைசிப் படியில் கொண்டுவந்து இறக்கினார். பரிசல் சுற்றிய சுற்றில் கலெக்டருக்குத் தலை கிறுகிறுத்திருக்க வேண்டும். இறங்கியதும் முதலில் அவர் கண்ணில் பட்டது குடக்காரிதான். தொப்பியை எடுத்துவிட்டார். எங்கள் ஏரிக்கு ஒரு துறைமுகத்து மரியாதை கிடைத்துவிட்டதாக ஐயா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு பகலில், மாரப்பன் நல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்ன என்று சொல்லாமல்தான் கூட்டி வந்திருந்தார். பாதையில் நிற்கவிடாமல், புழுதிக் காலைக் கழுவு என்று அந்த அம்மாவை நேரே படியிறக்கிவிட்டார். நானும் ஐயாவும் பேண்டு மேடையில் நிழலுக்கு ஒதுங்கி நின்றிருந்தோம். ஐயாவுக்கு விஷயம் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று மாரப்பன் கேட்டுக்கொண்டதால் நான் சொல்லியிருக்கவில்லை.

நல்லம்மாள் காலைக் கழுவி, முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். துடைத்த கை அப்படியே நின்றது. ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். மேலே வர வர அந்த முகம் மாறும் என்று எனக்குத் தெரியும். ஐயோ, பக்கத்தில் வந்ததும் என்ன ஆகுமோ என்று பயந்தேன். அவளுக்கு ஒன்றும் மாறவில்லை போலிருக்கிறது. பீடத்தருகில் வந்து, கையை நீட்டி, சிலையின் பாதத்தைத் தொட்டாள். வெயிலில் சுட்டிருக்க வேண்டும். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

"இப்புடி வெயில்லயே நிக்கறயே, சாமி" என்று, பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரிச் சொன்னாள்.

பிறகு புருஷனிடம் திரும்பி, புள்ள இங்கதான் இருக்கறாளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா என்று கேட்டாள்.

ஐயா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அவருக்கும் ஊரில் மகள்கள் உண்டு. "புங்கங்கன்னு எங்க வே கெடைக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

புங்க நிழலின் குளிர்ச்சி வேறு எந்த நிழலுக்கும் வராது. சங்ககிரி ரோட்டோரத்திலிருந்து கன்றைக் கொண்டுவந்தேன். மேற்கு வெயில் முதுகில் படாத மாதிரி, ரோட்டுப் பக்கம் இடம் பார்த்துக் கொடுத்தவர் ஐயா. குழி தோண்டி நட்டவன் நான். மரம் வளர்ந்தால் ரோட்டிலிருந்து சிலை தெரியாதே என்று அப்போதே நான் கேட்டேன். ரோட்டில் போகிறவன் போகட்டும் என்றார். சில வருஷத்தில் அவருக்கு மாற்றலாகிவிட்டது. போகிற அன்று குடையால் மரத்தை லேசாகத் தட்டி 'ம்' என்றார்.

நட்டதற்கு அடுத்த ஆடியில் நல்லம்மாள் வந்தபோது கன்று என் இடுப்புயரம்கூட இல்லை. அவள் முதலில் துறையில் இறங்கி மகளைப் பார்த்தாள். ஒரு குடம் தண்ணீர் மொண்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தாள். சிலைக்கு ஊற்றப் போகிறாள் என்று நினைத்தேன். தாண்டிப் போய்க் கன்றுக்கு ஊற்றினாள். ஊற்றிவிட்டு, அதன் நாலு இலையையும் தடவிக் கொடுத்து, "சீக்கரமா வளரு சாமி. புள்ள வெயில்ல நிக்கறா" என்றாள்.

அது அவள் சொன்னபடி வளர்ந்து நிற்கிறது. அதைத்தான் சூப்பர்வைசர் தம்பி வெட்ட வேண்டும் என்கிறார்.